பேசக் கூடாத கொட்டகை

ஜூன் 3, செவ்வாய்

எழுந்ததும் முகத்துணியை இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். நேற்றுத் துவைத்தது, ஈரம் போகவில்லை. அந்தக் கறுப்புத் துணி இல்லாமல் காப்பகத்தில் நீர்நாய்க் கொட்டகைக்குள் போக முடியாது. ஆற்றுக்குத் திரும்ப வேண்டிய குட்டிக்கு நம் முகம் தெரியக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. மீனைக்கூடக் குழாய் வழியாகத்தான் தள்ளுகிறேன்.

“இங்க வேலை பாத்தா வீட்ல சண்டையே வராதுக்கா, பேச்சே மறந்துடும்” என்பார் டாக்டர். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பத்து நாளில் சோதனை. குட்டி தேறினால் ஆற்றுக்குப் போகும்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபின் வீட்டில் டிவிதான் பேசுகிறது. வீட்டுக்காரர் சாப்பிட்டாச்சா என்பார், நான் ஆச்சு என்பேன்.

எங்கேயாவது எழுதியாக வேண்டும் — குட்டியிடம் நான் பேசியிருக்கிறேன். வந்த முதல் வாரம் தாயைத் தேடி விடாமல் கத்தியது. ‘சரிடா, சரிடா’ என்றேன். அடங்கிவிட்டது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. மகள் ஃபோனை எடுக்காதது, முட்டிவலி, எல்லாம் சொன்னேன். ஐந்து மாதம். தலையைச் சாய்த்துக் கேட்கும்.

குட்டிக்காகவா பேசினேன்?

ஜூன் 13, வெள்ளி

தேறவில்லை.

வேலிக்கு வெளியே ஒவ்வொருவராக நின்று பேச வேண்டும், அது பொந்துக்குள் ஒளிய வேண்டும். சோதனை அவ்வளவுதான். மற்றவர்கள் பேசியபோது ஒளிந்துதான் இருந்தது. என் முறை. “இன்னைக்கு வெயில் அதிகம்” என்றேன். ஓடி வந்து, முன்னங்கால் இரண்டையும் கம்பியில் வைத்து நின்றது. பிறகு டாக்டர் பேசியும் போகவில்லை.

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டாக்டர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆத்துல வலையோட நிக்கிறவன்கிட்டயும் இப்படித்தான் போகும்க்கா” என்றார்.

ஜூன் 14

மிருகக்காட்சிசாலைக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். கண்ணாடித் தொட்டி. அங்கே பதினைந்து வருஷம்கூட இருக்குமாம், ஆற்றில் பாதிதானாம். ஆறுதலுக்குச் சொன்னார்கள்.

பதினைந்து வருஷம்.

ஜூன் 17, செவ்வாய்

நாளை வண்டி வருகிறது. “வலையெல்லாம் வேணாம், நீங்க ஒரு குரல் குடுங்கக்கா, தானா பெட்டிக்குள்ள வந்துடும்” என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்துவிடும். அதுதானே.

நான் கூப்பிடப் போவதில்லை. வலை போட்டுத் துரத்தட்டும். கத்தும், கடிக்கும், எங்களைக் கண்டு நடுங்கும். அந்தப் பயம் இனி அதற்கு எதற்கும் உதவாது, தெரியும். ஆனாலும் என் குரலை நம்பி அது அந்தப் பெட்டிக்குள் போக வேண்டாம்.

முகத்துணியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். நாளைக்குள் காய்ந்துவிடும்.