கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு

ரவாங்கில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்று முன் கதவைத் திறந்தபோது, ஏர்கோன் குளிரில் ஊறிய கம்பளத்தின் வாசம் வந்தது. நீயும் நானும் முதன்முதலாகக் கோலாலம்பூரில் முகர்ந்த அதே வாசம். அதற்கு மேல் கால் நகரவில்லை.

எண்பதுகளின் நடுவில் உன்னை ஒரே ஒரு பயம்தான் பிடித்து ஆட்டியது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள் நாம். ஒரே இசைக்குழுவில் நான் பாடினேன், நீ கீபோர்டு வாசித்தாய். தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளிகளாகப் போனோம். மேடையில் ஒரு பாடகரும் ஒரு பெட்டியும் மட்டும். டிரம், தபேலா, கிட்டார் எல்லாமே பெட்டிக்குள்ளிருந்து வந்தன. சனங்கள் கைதட்டினார்கள். நீ சோற்றில் கை வைக்கவே இல்லை.

“நம்ம டிரம் அண்ணன் இனி என்னா செய்வாரு?” என்று கேட்டேன்.

“அவர விடு. அடுத்தது நான்தான்டி.”

கேசட் வெளியிடும் ஒருவர் புது ஆட்களைத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும், அந்தப் பயமே நம்மைத் துரத்தியது. மாதக்கணக்கில் தயாரானோம். வானொலியில் ஒருமுறை கேட்ட மெட்டை அப்படியே வாசித்துப் பழகினாய். உன் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “ரவாங் பேக்டரியில ஆள் எடுக்குறாங்க. ரெண்டு பேரும் அங்க போங்க லா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கோலாலம்பூர்க் கூடத்தில் அந்தக் கேசட் மனிதர் உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மியூசிக் எல்லாம் மெசின்லயே போட்டாச்சு தங்கச்சி. குரல் மட்டும்தான் வேணும்.”

உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. என்னைக் கண்ணாடி அறைக்குள் தள்ளிக் கதவை மூடினார்கள். காதில் ஹெட்போன். இசை மட்டும் வந்தது, வாசிக்கும் ஆட்கள் இல்லை. மேடையில் டிரம் அண்ணனின் கை உயர்வதைப் பார்த்துத்தான் பல்லவியைத் தொடுவேன். இங்கே யாரைப் பார்ப்பது? இரண்டு முறை பிந்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாய். எடுக்க வேண்டிய இடம் வந்ததும், தோள் உயர மூச்சை உள்ளே இழுத்தாய். நானும் இழுத்தேன். குரல் சரியான இடத்தில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாய்.

“அழுவுறியாடி?”

“இல்ல, யோசிக்கிறேன். நீ பாடப் போ. நான் பேக்டரிக்குப் போறேன்.”

போனாய். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு ரிதம் மெசினை லயத்துக்குத் தூக்கி வந்தாய். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் ஆங்கில விளக்கப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தாய். ஒருநாள் என் பதிவுக்குத் துணையாக வந்தவள், அதே மனிதரிடம், “இந்த மெசின் எனக்குத் தெரியும்ண்ணே. போட்டுக் காட்டவா?” என்றாய். அவர் யோசித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். அடுத்த மாதமே பேக்டரி வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தாய். அதன்பிறகு எத்தனையோ பெட்டிகள் வந்தன, போயின. அந்த நாற்காலியில் நீ மட்டும் இருந்தாய்.

உனக்குப் பயமே கிடையாது என்று வெகுகாலம் நம்பினேன். ஆஸ்பத்திரியில், உன் கடைசி வாரத்தில், அதைச் சொல்லியும்விட்டேன். நீ சிரித்தாய்.

“யாரு சொன்னா? புது மெசின் வர்றப்பல்லாம் கை நடுங்கும்டி. பாத்ரூம்ல போயி பைப்புத் தண்ணியில கைய நீட்டிக்கிட்டு நிப்பேன். கொஞ்சம் அடங்குனதும் வந்து உக்காந்துக்குவேன்.”

இப்போது உள்ளே இருக்கும் பிள்ளைகள், என் குரலைக் கணினிக்குப் பழக்கப் போகிறார்களாம். பழகிவிட்டால் அதுவே பாடுமாம். “கொஞ்ச நேரம் பாடிக் கொடுத்தா போதும் ஆன்ட்டி,” என்கிறார்கள். அதற்குப் பிறகு எனக்கு என்ன மிஞ்சும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் பாடுவதாக இல்லை.

கை நடுங்குகிறது. நடைவழியின் கோடியில் குழாய் இருக்கிறது. போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்கப் போகிறேன். பிறகு உள்ளே போவேன்.