உம் பேரு இன்னாடா?

உங்களைப் பற்றி நல்லது மட்டுமே பேசுகிற கூட்டத்தில் இத்தனை காலம் வாய்மூடி உட்கார்ந்திருந்தது போதும்.

இன்று காலை பரணிலிருந்து உங்கள் மழைக்கோட்டை இறக்கினேன். பிரித்ததும் வீடெல்லாம் எண்ணெய் நாற்றம். எத்தனையோ முறை துவைத்த கோட்டு. எண்ணூர் முகத்துவாரத்தில் மிதந்த அந்தக் கறுப்பு இன்னும் மடிப்புகளில் ஒட்டியிருக்கிறது. என் மனைவி மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். நாற்றம் என்று முகம் சுளிக்கக்கூட இங்கே வேறு ஆளில்லை. ஜன்னலைத் திறக்காமல் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் உங்களை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கவனித்திருக்கிறீர்களா? ராயபுரத்தில் நம் தெருவே உங்களை நைனா என்றது. மீன் விற்கிற அக்காவுக்கும் நைனா, உங்களைவிட மூத்த ஆட்டோக்காரருக்கும் நைனா. அந்தச் சொல்லில் எனக்கென்று மிச்சம் எதுவும் இல்லை. பள்ளியில் படித்த ‘அப்பா’ என்ற சொல்லோ உங்களுக்குப் பொருந்தவில்லை. கடைசிவரை ‘இந்தா’, ‘கேட்டியா’ என்றே ஓட்டிவிட்டேன்.

சரக்குக் கப்பலில் சமையல்காரர் நீங்கள். எத்தனையோ துறைமுகங்களிலிருந்து தபாலட்டை வரும். எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘எல்லாரும் சுகமா?’ அந்த எல்லாரில் நானும் ஒருவன். ஒருமுறை இரண்டு வருடம் கழித்து வந்தீர்கள். வாசலில் தெருப்பிள்ளைகள் சாக்லெட்டுக்கு வரிசை கட்டினார்கள். ஐந்து வயதில் நானும் நின்றேன். நீங்கள் நல்லபடியாகக் கரை சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அம்மா முந்தின நாள்தான் திருவொற்றியூர் கோயிலில் எனக்கு மொட்டை போட்டிருந்தாள். என் முறை வந்தது. சாக்லெட்டை நீட்டிக் கேட்டீர்கள்:

“உம் பேரு இன்னாடா?”

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். “அய்ய, நல்லாகீதே கூத்து! பெத்த புள்ளயாண்டயே பேரு கேக்குறியே!”

தெரு சிரித்தது. நீங்களும் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கினீர்கள். நான் சாக்லெட்டைக் கீழே போட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அந்தக் கதையைச் சொல்லாமல் நீங்கள் எழுந்ததில்லை. எல்லாரும் சிரிக்கும்போது நான் கைகழுவப் போய்விடுவேன்.

கப்பலை விட்ட பிறகாவது வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்தேன். வெள்ளம் வந்தால் படகில் இருந்தீர்கள். கேட்பாரற்ற பிணம் என்றால் சுடுகாட்டில் இருந்தீர்கள். அம்மா கடைசியாக அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, பக்கத்துக் கட்டில் கிழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். கேட்டதற்கு, “இவளுக்கு நீ கீற. அந்தம்மாக்கு யாரு கீறா?” என்றீர்கள். அது நியாயம் என்பதால்தான் இன்றும் கோபம் ஆறவில்லை.

பிறகு அந்த எண்ணெய், வெள்ளத்தோடு ஆலையிலிருந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தது. “நைனா இந்த வயசுல தண்ணில எறங்கிட்டாரு, வந்து இட்டுகினு போ” என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். காரில் வந்தேன். குப்பத்துக்காரர்களும் உங்களோடு வந்த தொண்டர்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லா முகமும் கறுப்பு, எல்லா மூக்கிலும் துணி. கரையில் நின்று பார்க்கிறேன், அதில் எது நீங்கள் என்று தெரியவில்லை. ‘நைனா’ என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்தது. வாய் வரவில்லை. ஒருவர் மட்டும் கரைக்கு வந்து, “யார் சார் வோணும்?” என்றார்.

“ராயபுரத்துலேர்ந்து வந்த பெரியவரு ஒருத்தர்...” என்றேன்.

அவர் மூக்குத் துணியை இறக்கினார். “உம் பேரு இன்னாடா?”

தண்ணீரில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “நான் ஒரு வாட்டி, நீ ஒரு வாட்டி. செரியாப்போச்சா?” என்றீர்கள். நான் சிரிக்கவில்லை.

“இருமுற. வா, வூட்டுக்குப் போலாம்.”

“குப்பத்துக்காரங்க வலையெல்லாம் நாறிப்போய்கீது. நீ போ, நான் வரேன்.”

போய்விட்டேன். அடுத்த கோடையில் நீங்களும் போய்விட்டீர்கள்.

நாற்பது வருடமாக ஒருவர் தன் தவறையே ஊரெல்லாம் சொல்லித் திரிவது சிரிப்புக்காக மட்டும் இருக்காது என்று, இந்தக் கோட்டை மடியில் வைத்திருக்கும்போதுதான் உறைக்கிறது. செரியாப்போச்சா என்று என்னைக் கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அந்த ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், அது பொய். அன்றைக்குச் சிரித்திருக்கலாம். அதை மட்டும் எழுதுகிறேன்.

நம் வீட்டு முன்னறையை உங்கள் தொண்டர்களுக்கு எழுதிவைத்துவிட்டீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். உங்கள் பெயருக்கு இன்னும் அங்கே கடிதம் வருகிறது. சுவரில் ஒட்டி வைக்கிறார்கள். போன மாதம் போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். முன்பின் தெரியாதவர்கள் எழுதியவை. பாதிக்கு மேல் ‘உங்கள் மகன்’ என்றுதான் முடிகின்றன.

இதையும் அந்த முகவரிக்கே தபாலில் போடப்போகிறேன். நானும் ‘உங்கள் மகன்’ என்று எழுதினால் அந்த வரிசையில் இன்னொருவன் ஆகிவிடுவேன். அதனால் கீழே ஒன்றும் எழுதவில்லை. இந்த முறை பெயர் கேட்காமல் நீயே கண்டுபிடி, நைனா.