தொண்ணூற்று மூன்றாம் பக்கம் சுவரில் இருக்கிறது

பசறை,
9.3.1975.

என் கண்ணான மகன் ஷுக்ரிக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் வாப்பாவும் உன் தங்கை ஜெனீராவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், என் வலது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன், முதலாவது கபூலாகிவிடும், இரண்டாவதில்தான் எனக்குச் சந்தேகம். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலை இப்போது பிரிக்காதே. முதலில் இதை முழுக்க வாசி, பிறகு ஒரு கோப்பை தேநீர் குடி, அதற்குப் பிறகு பிரி. உன் உம்மா ஒரு பெரிய குற்றம் செய்துவிட்டாள், அதை ஒப்புக்கொள்ள மூன்று கிழமை எடுத்துக்கொண்டாள்.

போன மாதம் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன் கதையை ஏழு மாதம் வைத்திருந்த டைரக்டர், அது தன் காரின் பின்சீட்டில் இருந்தது, காரை விற்றுவிட்டேன், கதையும் காரோடு போய்விட்டது என்று சொன்னதை எழுதியிருந்தாய். அந்தக் காரை வாங்கினவராவது வாசித்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது புறக்கோட்டை இரும்புக்கடை முதலாளி ஒருவர் படம் எடுக்க ஆசைப்படுகிறார், பதினேழாம் திகதி உன்னிடம் கதை கேட்கப்போகிறார், எழுத்தில் இல்லாத கதைக்கு அவர் காது கொடுக்கமாட்டார், ஆகவே ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தபோது வீட்டில் வைத்துவிட்டுப் போன முதல் கையெழுத்துப் பிரதியை உடனே அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். இதுவும் சரிவராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வாப்பாவோடு கடையில் நிற்கிறேன் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். மூன்று வருஷமாக மருதானை அறையில் மூன்று பேர் இரண்டு பாயில் படுத்து, கண்டவர் வீட்டு விறாந்தையிலெல்லாம் காத்துக்கிடந்த பிள்ளை இப்படி எழுதுகிறான் என்றால் எவ்வளவு களைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் உன் கட்டிலுக்கடியில் குனிந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அங்கே ஏன் ஒன்றும் இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

நம் கடையில் சாமான் கட்டிக்கொடுக்கிற கடதாசிப் பைகளை நான்தான் ஒட்டுகிறேன். கடதாசித் தட்டுப்பாடு வந்ததிலிருந்து பழைய பத்திரிகைகூடக் கிடைப்பதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதித் தீர்த்த கொப்பிகளை வாப்பா வாங்கிச் சாக்கில் போட்டு உன் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். கோதுமை மா கண்ணில் படுவதே அபூர்வம் என்பதால் மரவள்ளிக்கிழங்கைக் காய்ச்சித்தான் பசை. நீயும் உன் கதையை இரண்டு சீ.ஆர். கொப்பியில் எழுதி, அதே மாதிரிச் சாக்கில் சுற்றி, அதே கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். திறந்தாவது பார்த்தீர்களா என்று கேட்பாய். பார்த்தேன் மகன். அந்தக் கையெழுத்தைப் பார்த்து, நாலாம் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை இத்தனை பாடுபட்டிருக்கிறதே என்று பரிதாபப்பட்டுவிட்டுத்தான் கிழித்தேன். ஒரு தாளுக்கு ஒரு கால் இறாத்தல் பை. நாற்பத்தேழு தாள், நாற்பத்தேழு பை. உன் கதைக்குள்ளே செத்தல் மிளகாயும் பயறும் கருவாடும் ஏறி மலைத் தோட்டங்களுக்குப் போய்விட்டன.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், உன் கடிதம் வருவதற்கு முன்பே ஊர் எனக்குச் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் வாப்பா பகல் சாப்பாட்டுக்கு வந்து, தோட்டத்து மேல் டிவிசன் பெரியாயிக்கு மூளை குழம்பிவிட்டது என்றார். பெரியாயியை உனக்கு ஞாபகம் இருக்கும், கருவாட்டை முகர்ந்து பார்த்து நாலு கேள்வி கேட்காமல் வாங்கமாட்டாளே, அந்தத் தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண். அவள் கடைக்கு வந்து, "மொதலாளி, அந்தச் செவந்திப் பொண்ணு கங்காணி மகனைக் கட்டிக்கிட்டாளா இல்லையா?" என்று கேட்டாளாம். எந்தச் செவந்தி என்று இவர் கேட்க, "ஒங்க மொளகாப் பையில இருக்காளே, அவதாங்க" என்றாளாம். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்து, போன முறை பன்னிரண்டாம் பக்கம் கிடைத்தது, இந்த முறை பதின்மூன்று உள்ள பையில் போட்டுத் தாங்க என்றார்களாம். சந்தைநாளில் ஒருத்தி பயறு வேண்டாம், பையை மட்டும் தாருங்கள் என்றிருக்கிறாள். பக்கத்துக் கடைக்காரர் வாப்பாவைக் காட்டி, வியாபாரத்துக்கு அஸீஸ் நானா கதையும் சேர்த்து விற்கிறார் என்று பொறாமைப்பட்டாராம். நானும் ஜெனீராவும் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். உன் வயிற்றில் நானே அடித்துவிட்டு அதைக் கேட்டு நானே சிரித்திருக்கிறேன், என்னைப்போல ஒரு உம்மா வேறு யாருக்குக் கிடைப்பாள்.

உன் கடிதம் வந்த அன்று வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவருக்குப் பிடித்த மாசிச் சம்பலை அரைத்து வைத்துவிட்டுச் சொன்னேன். சினிமா என்றாலே முகத்தைத் திருப்புகிற மனிதர் அல்லவா, போனது நல்லதுதான் என்பார் என்று நினைத்தேன். அவர் சம்பலைத் தொடாமல் எழுந்து கடைக்குப் போய்விட்டார். பின்னேரம் நான் எட்டிப் பார்த்தால் கடைவாசலில் ஒரு அட்டை தொங்குகிறது, கதை எழுதிய பையைத் திருப்பித் தருகிறவர்களுக்கு ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி என்று. இந்தக் காலத்தில் கருப்பட்டி! மறுநாள் காலை கடை திறக்குமுன்பே வரிசை நின்றது. அதில் பாதிப்பேர் பெருக்கல் வாய்பாடும் இலங்கை வரைபடமும் உள்ள பைகளைக் கொண்டுவந்திருந்தார்கள், ஒருவர் தானே எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து இதுவும் அந்தக் கதைதான் என்று சாதித்தார், அது உன்னுடையதைவிட மோசமில்லை என்று ஜெனீரா சொல்கிறாள், அவளை நீயே கவனித்துக்கொள். நல்லவேளையாக ஒவ்வொரு பக்கத்திலும் மூலையில் இலக்கம் போட்டிருந்தாய். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பசையை ஈரத்துணியால் ஒற்றிப் பிரித்து, ஒன்று ஒன்றாக அடுக்கினார். அடுக்கும்போது வாசித்தாரா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் நாற்பதாம் பக்கம் கிடைக்காமல் இரண்டு நாள் எரிச்சலோடு இருந்தார், கிடைத்த அன்று எல்லோரோடும் நன்றாகப் பேசினார்.

ஒரு பை கொஸ்லந்தவுக்குப் போய்விட்டது என்று தெரியவந்தது, இங்கே கருவாடு வாங்கின ஒரு கிழவர் அதை மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். உருளைக்கிழங்கு விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாப்பா விடிந்ததும் பஸ் ஏறினார். பொழுதுபடும்போது திரும்பி வந்தார், கையில் உருளைக்கிழங்கு இல்லை, சட்டைப்பையில் இருபத்தேழும் இருபத்தெட்டும் இருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. இரண்டு தாள் அடுப்பு மூட்டப் போய்விட்டன, ஆனால் அவற்றை வாசித்த வீட்டுக்காரர்களுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது, ஜெனீரா அவர்களை உட்காரவைத்து எழுதி எடுத்திருக்கிறாள், ஊதாமையில் இருப்பது அவள் கையெழுத்து. மூன்று வருஷமாக உன் கதையை உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இல்லை என்று எழுதுவாயே மகன், இதை யோசித்துப் பார்.

கடைசியில் ஒரே ஒரு தாள்தான் வரவில்லை. அது கதையின் கடைசித் தாள். அது பெரியாயி வீட்டில் இருக்கிறது, கொண்டுவர முடியாது என்று ஆள்வழி செய்தி வந்தது. ஏன் முடியாது என்று பார்க்க நானும் ஜெனீராவும் போன வியாழக்கிழமை போனோம். பஸ் விட்ட இடத்திலிருந்து மேலே ஏறும்போது என் முழங்கால் உன்னையும் சினிமாவையும் சேர்த்துத் திட்டியது. அந்த வரிசை வீடுகளில், பெரியாயியின் லயத்து அறையில் அடுப்புப் பக்கத்துச் சுவர் வெடித்துக் குளிர்காற்று வருகிறதாம், அவள் புருஷன் வீரய்யா கையில் கிடைத்த கடதாசியையெல்லாம் கஞ்சிப்பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார், அதன் நடுவில், சரியாகக் கண்மட்டத்தில், உன் தொண்ணூற்று மூன்றாம் பக்கம். வீரய்யா கத்தியால் ஓரத்தை நெம்பிப் பார்த்தார், கடதாசியோடு சுண்ணாம்பும் பெயர்ந்தது, "கிழிஞ்சா ரெண்டு பக்கமும் போயிருமுங்க" என்று பெரியாயி கையைப் பிடித்துவிட்டாள். ஆகவே நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொல்லச் சொல்ல ஜெனீரா எழுதினாள். நான் சத்தமாக வாசிப்பதைக் கேட்டு லயமே வாசலில் கூடிவிட்டது. செவந்தி அந்திவேளையில் முதுகில் கூடையோடு அருவிக்கு மேலே பாறையில் நிற்கிறாள், காற்று சேலையை இழுக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைக்கிறாள். பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறது. அவள் குதித்தாளா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது, மூன்று கிழமையாக லயத்தில் இதே சண்டையாம்.

குதித்துவிட்டாள் என்கிறார் வீரய்யா, சினிமாவில் வேறென்ன செய்வார்கள் என்று. கங்காணி மகன் ஓடிவந்து கையைப் பிடித்திருப்பான் என்று இளம்பெண்கள் சொல்கிறார்கள். பெரியாயி இரண்டையும் ஒப்பவில்லை. என் மகன்தான் எழுதினது என்று தெரிந்ததும் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள், "ஏம்மா, ஒங்க மகன் என்னைக்காவது கொழுந்துக் காட்டுக்குள்ள வந்திருக்காரா?" நான் என்ன சொல்வேன், கடைவாசலில் நின்று மலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. "செவந்திக்குப் பூப்போல வெள்ளை வெரலுன்னு எழுதியிருக்கே, இதப் பாருங்க" என்று தன் கையை நீட்டினாள், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, பிளவுபிளவாகக் கறுத்து இருந்தது. பிறகு சுவரைக் காட்டி, "முதுகுல கூடை இருக்குல்ல, கூடையில கொழுந்து இருக்குல்ல? நாள் பூரா மழையில நின்னு எடுத்ததை நிறுக்காம எவளும் சாகமாட்டா. தராசுக்குப் போயிக் கணக்குல பேரு விழுந்தப்புறம் வேணா யோசிப்பா. அங்க போயிட்டா யோசிக்க எங்க நேரம், புள்ளைக்குக் கஞ்சி வைக்கணும், விடிஞ்சா பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேரு குடுக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. படம் பார்க்கப் போனால் பெயர் போடும்போதே அழத் தொடங்குகிற உன் உம்மா, அந்த அடுப்புப் புகையில் நின்று, இந்த ஒரு பேச்சுக்காக அந்த இரும்புக்கடை முதலாளி காரை விட்டு இறங்கி இங்கே வரவேண்டும் என்று நினைத்தேன்.

இனிப் பார்சலைப் பிரி. மிளகாய் வாசம் வரும், தும்மாதே, ஒருநாள் வெயிலில் காயவை, கருவாட்டுத் தாள்களைத் தனியாக வை, உன்னோடு இருக்கிற பாட்டு எழுதுகிற பிள்ளையிடம் கேட்டு கார்பன் வைத்து இரண்டு பிரதி எடு, எந்தக் காரின் பின்சீட்டிலும் வைக்காதே. முதலாளி கதாநாயகனுக்கு லொறி வேண்டும் என்று கேட்டால் கொடுத்துவிடு, செவந்தியை மட்டும் விட்டுக்கொடுக்காதே. நீ கடைக்குத் திரும்பி வருவதாக எழுதியதை வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "கடையில இன்னொராளுக்கு எடமில்ல எண்டு எழுது" என்றார். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று தராசைத் துடைத்தார், தராசு ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது. ஆகவே அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், நான் சொல்வதையும் கேள், இந்த வீட்டில் உன் கட்டில் அங்கேயேதான் இருக்கிறது, அதற்கடியில் இனி ஒரு கடதாசியும் வைக்கமாட்டேன்.

பதினேழாம் திகதி நீ கதை சொல்லும்போது அல்லாஹ் உன் நாவைத் திக்கவிடாமல், கேட்கிறவர் மனதையும் இளகச் செய்வானாக. போகுமுன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ. தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாய் என்பது உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் குதிக்கவில்லை என்றால் உடனே ஒரு தபாலட்டை போடு, லயத்தில் காத்திருக்கிறார்கள். குதித்திருந்தால் அது சுவரைப் பார்த்தபடியே இருக்கட்டும் மகன், பெரியாயி வீட்டுக்குக் குளிர் வராமல் இருக்கும். நீ வேறு ஒன்று எழுது, அவள் கூடையைத் தராசில் நிறுத்துவிட்டு வரட்டும்.

உன் கதையைக் கிழித்துப் பை ஒட்டிய
உம்மா
ஸவாஹிரா