கம்ப்யூட்டர் உன்னைப் பாஸ் போட்டுவிட்டது

என் விரல்களில் இன்னும் பிரிண்டர் ரிப்பனின் மை வாசனை இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவின் இருமல் கேட்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்திக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். என் எதிரில் ஒரு கடிதம் கிடக்கிறது. நீ எழுதிய கடிதமாம். இன்று மத்தியானம் பள்ளிக்கூட ஆபீஸில் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தள்ளியது. காகிதத்தின் ஓரத்திலிருந்த ஓட்டைப் பட்டையை நான்தான் கிழித்தேன்.

அதில் நீ ஆங்கிலத்தில் பேசுகிறாய். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றுவிட்டாயாம். நல்ல உடல்நலத்தோடு இருக்கிறாயாம். ஸ்காலர்ஷிப் கொடுக்கிற ஐயாவுக்கு என்றும் நன்றியோடு இருப்பாயாம்.

பொங்கலோடு போய்விட்டாயேடி நீ. இப்போது கத்திரி வெயிலே முடியப் போகிறது. நீ எழுதாத முழு ஆண்டுப் பரீட்சையில் உன்னைப் பாஸ் போட்டிருக்கிறார்கள். எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் காட்டுவதென்று தெரியவில்லை. அதனால் உன்னிடமே கொட்டுகிறேன்.

நம் பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப் என்றால் ஒரு தர்மவானுக்கு ஒரு பெண். எனக்குத் தி. நகர் பாத்திரக்கடைக்காரர், உனக்குப் பெசன்ட் நகர் ஐயா. வருஷா வருஷம் ஸ்கூல் திறப்பதற்கு முன் நாம் அவரவர் தர்மவானுக்கு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியை பெரிய மிஸ் மாதிரியைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். நான் ஒரு புள்ளி மாறாமல் பார்த்து எழுதுவேன். நீ மட்டும் கடைசியில் எதையாவது சேர்த்துவிடுவாய். ஒன்பதாம் வகுப்பில், "எங்கள் பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது, ஒருநாள் வந்து பாருங்கள்" என்று சேர்த்தாய். பெரிய மிஸ் அதைக் கிழித்துப் போட்டு வேறு எழுத வைத்தார். வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"நான் இன்னாடி தப்பா எழுதிட்டேன்? கொழாய் ஒட்ஞ்சி கீது, ஒட்ஞ்சி கீதுன்னு எழுதுனேன்."

"ஸ்காலர்ஷிப்ப நிறுத்திட்டா என்னடி பண்ணுவ?"

"நிறுத்தட்டுமே. எங்கம்மா கூட மீன் விக்கப் போறேன். நீதான் பாவம். உங்கப்பா கடைல பொடவ மடிக்கக்கூட உன்ன சேத்துக்க மாட்டாங்க. உனுக்குத் தாவணியே மடிக்கத் தெரியாது!"

அப்பா தி. நகரில் நாளெல்லாம் நின்றபடி புடவை விரித்துக் காட்டுகிறவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். நீ சொன்னதால் சிரித்தேன். ஆனால் உன் புதுக் கடிதத்தை நீ முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து, மறுபடி குழாயைச் சேர்க்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் லீவில் உனக்கு மஞ்சள் காமாலை. லீவு முடிந்து வந்தபோது பிரேயரில் உனக்காக ஒரு நிமிஷம் மௌனமாக நின்றோம். பெரிய மிஸ் நின்றார். ஆபீஸ் கோபாலன் சார்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாதவர்கள் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். இவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரலில் கம்ப்யூட்டர் வந்தது. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார்கள். அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. ஸ்காலர்ஷிப் வேலையைப் பார்க்க எந்த சாஃப்ட்வேர் வாங்குவது என்று முடிவுசெய்ய பள்ளிக்கூடத்தை நடத்துகிற டிரஸ்டின் கமிட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் கம்ப்யூட்டர் க்ரூப் என்பதால் காகிதம் கிழிக்கவும் காபி கொடுக்கவும் என்னை நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் அடையாறிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயது, சட்டையெல்லாம் வேர்வை. அவருடைய சாஃப்ட்வேர் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் காட்டி நின்றது. இவள் படிப்பைத் தொடர்கிறாளா? வீட்டு நிலைமை மாறியிருக்கிறதா? ஆம், இல்லை என்று பதில் சொன்னால்தான் அடுத்த பெயருக்குப் போகும். ஐந்தாறு பெயர் வருவதற்குள் கமிட்டியில் ஒரு பெரியவர் நெளிய ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சார் இது, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஒவ்வொண்ணா கேக்கறது? நாம கேக்கணும், அது பதில் சொல்லணும். அதுக்குத்தானே கம்ப்யூட்டர்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது உக்காந்து பாக்கணும் சார். அதுக்காகத்தான் அப்படிப் பண்ணியிருக்கேன்" என்றார் அவர்.

"யாரு, நம்ம கோபாலனா? உக்காந்தார்னா எழுந்திருக்க மாட்டாரே!"

எல்லோரும் சிரித்தார்கள். கோபாலன் சாரும் சிரித்தார்.

அடுத்து வந்தவர் ஆழ்வார்பேட்டை கம்பெனிக்காரர். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். மாதிரி காட்டுவதற்காகப் போன வருஷப் பெயர்களை முன்கூட்டியே வாங்கி ஏற்றி வைத்திருந்தார். "ஒரே ஒரு கீ, மேடம்" என்று சொல்லிவிட்டு அதைத் தட்டினார். எல்லாப் பெண்களும் ஒரு வகுப்பு மேலே போனார்கள். எல்லோருக்கும் ஸ்காலர்ஷிப் புதுப்பித்தாகிவிட்டது. பிரிண்டர் தானாகவே நன்றிக் கடிதம் அடிக்கத் தொடங்கியது. "இனிமே பிள்ளைங்க உக்காந்து எழுதவே வேண்டாம். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றார். பெரிய மிஸ் கைதட்டினார்.

எதையும் கேட்காத சாஃப்ட்வேரையே வாங்கினார்கள். அன்றைக்கு முதல் சில கடிதங்களோடு பிரிண்டரை நிறுத்திவிட்டார்கள். உன் பெயர் வரிசையில் கடைசி, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு கோபாலன் சார் மாதிரிக்காக ஏற்றிய அந்தப் பெயர்களையே நிஜமாக வைத்துக்கொண்டு கீயைத் தட்டிவிட்டார். உன் பெயர் வந்தபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அது கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் கடிதங்களின் ஓரம் கிழிக்க என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் உன் அம்மா செல்வியை அழைத்துக்கொண்டு வந்தார். உன் தங்கை கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாவது முடித்துவிட்டாள், தெரியுமா? தலை படிய எண்ணெய் வைத்து, மார்க் ஷீட்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"சார், பெரியவளோட எடத்த சின்னதுக்குக் குடு சார். இங்க சேந்தா சாங்காலம் வரிக்கும் பத்திரமா இருக்கும். இல்லன்னா நான் யாவாரத்துக்குக் கூடவே இட்டுகினு போவணும். குப்பத்துல தனியா வுட முடியாது."

கோபாலன் சார் திரையைப் பார்த்தார். "எடம் காலி இல்லம்மா. பெசன்ட் நகர் ஐயா ஸ்காலர்ஷிப்ல உங்க பெரிய பொண்ணு இருக்கு. அது பன்னெண்டாவது முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

உன் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "அது செத்துப்போச்சே சார்" என்றார் மெதுவாக.

கோபாலன் சார் முகம் ஒரு நொடி மாறியது, நான் பார்த்தேன். ஆனாலும் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கம்ப்யூட்டர்ல இருக்கேம்மா, நான் என்ன பண்றது?"

"எங்க கீது? காட்டு."

உன் அம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எதும்மா அது பேரு?" என்று என்னைக் கேட்டார். நான் காட்டினேன். அந்தக் கண்ணாடியில் உன் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"செருப்போட உள்ள வராதீங்கம்மா, தூசி படியும்" என்றார் கோபாலன் சார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நேரே பெரிய மிஸ் அறைக்குப் போய்விட்டேன். அவள் பெயரை எடுத்துவிட்டால் தங்கைக்கு இடம் கிடைக்கும், மிஸ் என்றேன்.

"எடுக்கணும்னா கம்பெனி ஆள் வரணும். அவங்க எப்ப வருவாங்களோ. லெட்டரெல்லாம் நாளைக்கே போயாகணும். நடுவுல ஒண்ணு கொறஞ்சா டிரஸ்ட்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க." பிறகு இரண்டு காகிதங்களை என்னிடம் நீட்டினார். "இது உன்னோடது, கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா. அவளோடதுலயும் நீயே போட்டுடு. ஃப்ரெண்டுதானே, அவ எப்படிப் போடுவான்னு உனக்குத் தெரியுமில்ல?"

"மிஸ், அவதான் இல்லியே..."

"தங்கச்சிய அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உன் பேரும் இதே கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பாதிதான் சொன்னேன். "நமக்கு எதுக்கும்மா வம்பு? போட்டுக் குடுத்துட்டு வந்துடு" என்றார். கடையில் முதலாளி முன்னால் நிற்பது போலவே நின்றுகொண்டு சொன்னார். ஸ்காலர்ஷிப் போய்விட்டால் என்னைப் பன்னிரண்டாவது படிக்க வைக்க அவரால் முடியாது. எனக்கும் தெரியும்.

உன் கையெழுத்தை என்னால் அச்சாகப் போட முடியும். கடைசி எழுத்தின் வாலை நீ இழுத்துவிடுவது வரைக்கும் தெரியும். போடமாட்டேன். எதையெல்லாம் எழுதிக் கிழிபட்டவள் நீ! உன் வாயில் போய் இந்தப் பொய்யை வைக்க இவர்கள் யார்? ஒரு சாவை எடுத்துச் சொல்வதற்கு எதற்குக் கம்பெனி ஆள் வர வேண்டும்? ஒரு பேனா போதாதா?

அதனால் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தமிழில் எழுதிவிட்டேன்: "ஐயா, இந்தப் பெண் பொங்கலின்போது இறந்துவிட்டாள். இந்தக் கடிதம் அவள் எழுதியதல்ல. அவளுடைய இடத்தில் ஆறாம் வகுப்பில் சேர அவள் தங்கை காத்திருக்கிறாள்." அதன் கீழே என் பெயரை, வகுப்போடு, முழுதாக எழுதினேன். எழுத்தெல்லாம் கோணலாக இருக்கிறது. பரவாயில்லை.

இதைப் பெரிய மிஸ் கையில் கொடுத்தால் கிழித்துவிடுவார். ஐயாவின் பெசன்ட் நகர் விலாசத்தைக் கம்ப்யூட்டரே மேலே அடித்துக் கொடுத்திருக்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் அதற்கு நன்றி. விடிந்ததும் உங்கள் குப்பத்துக்குப் போய் அம்மாவையும் செல்வியையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறப் போகிறேன். ஐயா எப்படிப்பட்டவரோ, கதவைத் திறப்பாரோ, திட்டுவாரோ. திரும்பிப் பள்ளிக்கூடம் போனால் என் பெயர் அந்தத் திரையில் இருக்குமோ, இருக்காதோ.

நீ இருந்தவரை கோபப்படுவது உன் வேலை, பயப்படுவது என் வேலை. இப்போது இரண்டையும் நானே சுமக்கிறேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் பக்கத்தில் கோபமும் இருப்பதால் எழுந்து நடக்க முடிகிறது.

அங்கே போய் உன்னைச் சொல்லி அழக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன். செல்வியை எனக்கு முன்னால் நிறுத்தி, சொல்ல வேண்டியதை இதோ அப்பா காதில் விழாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: "சார், இவ செல்வி. ஆறாவது சேரணும். என்ன வேணும்னாலும் கேளுங்க, அவளே பதில் சொல்லுவா."