எழுபத்தேழு அட்டைகள்

செப்டம்பர் 28

மலை மேலுள்ள வானிலை நிலையத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஏப்ரலில் நானே விண்ணப்பித்ததுதான், எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில். மூன்று வருடம். தலைமைப் பார்வையாளர். ஒரு அறைக் குடியிருப்பு. சம்மதமா இல்லையா என்று ஜனவரி பத்துக்குள் எழுதித் தரவேண்டும்.

இவர் கண்ணாடிக் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"உன் இஷ்டம்."

அவ்வளவுதான். வருகிறவர்களை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று நாள் முழுக்கக் கேட்கிற மனிதர். என்னை ஒரு தடவை கேட்டால் என்ன?

அக்டோபர் 2

நாற்பத்தாறு முடிந்தது. மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன டாரட் ஜோசியச் சீட்டுக்கட்டை எடுத்துப் பிரித்தேன். இயற்பியல் படித்துவிட்டு இருபது வருடமாக வெப்பமானி பார்க்கிறவள் செய்கிற காரியமா இது?

போனில் சிரித்தாள். "மொத்தம் எழுபத்தெட்டு அட்டை ம்மா. ஒவ்வொரு ராசிக்கும் ஒண்ணு உண்டு. உன்னோடது எதுன்னு பாரு."

எந்த ராசி? கட்டோடு வந்த சிறு புத்தகத்தின்படி இன்று பிறந்தவள் துலாம், அதற்கு நீதி அட்டை. நம் கணக்கில் சூரியன் இன்னும் கன்னியில், அப்படியானால் துறவி. ஜாதகத்தில் சந்திரன் நிற்பதோ கும்பத்தில், அதற்கு நட்சத்திரம். ஒருத்திக்கு மூன்று முகம். இதில் மாற்றல் யாருக்கு வந்திருக்கிறது?

அக்டோபர் 12

துறவிதான் என்று முடிவுசெய்தேன். படத்தில் ஒரு கிழவர் மலை உச்சியில் விளக்கோடு நிற்கிறார். இதைவிட என்ன வேண்டும்?

சாப்பிடும்போது இவரிடம் விளையாட்டாகச் சொன்னேன். "தினம் காலையில ஒண்ணு எடுக்கப் போறேன். துறவி வந்தா மலைக்குப் போறேன்."

"எது, காட்டு?"

காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

நவம்பர் 3

மழை, 62 மில்லிமீட்டர். அட்டை: நிலா. நான்காவது முறை.

நவம்பர் 9

நீதி. தராசின் இரண்டு தட்டும் சமமாக இருக்கிறது. நன்றாகத்தான் சொன்னது போ.

நவம்பர் 20

புத்தகத்தில் கன்னி அறுவடைக் காலம், துலாம் இலையுதிர் காலம். எழுதியவன் ஊரில் அப்படி இருக்கலாம். இங்கே மரங்கள் ஒருநாளும் மொத்தமாக உதிர்ந்ததில்லை. ஒரு கிளை உதிரும்போதே பக்கத்துக் கிளை துளிர்க்கும். என் பதிவேட்டில் இருப்பது மழை, பனி, வெயில், மறுபடி மழை. ஒன்று முடிந்த தேதியை யாராலும் சொல்ல முடியாது. எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் குடையைத் தேடுவதில்லை, போர்வையைத் தேடுகிறோம்.

நானும் அப்படித்தான் முடிவெடுப்பேனோ? எனக்கே தெரியாமல்?

டிசம்பர் 11

அறுபது நாள். துறவி வரவில்லை. கணக்குப் போட்டேன்: வராமலிருக்க நூற்றுக்கு நாற்பத்தாறு வாய்ப்பு. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் யாரோ கதவைச் சாத்துவது போல இருக்கிறது. வேண்டாம் என்கிறதா? இல்லை, வேண்டாம் என்று சொல்ல எனக்குத்தான் ஒரு ஆள் தேவைப்படுகிறதா?

அலுவலகத்தில் என்னோடு முறை பார்க்கிறவளுக்குக் காற்றாடி என்று பெயர்; பேச்சு எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கம் திரும்புவாள். காலையில், "போடி, ராணி மாதிரி இருக்கலாம்." மத்தியானம், "அந்தக் குளிர்ல யாருடி சாவா?"

ஜனவரி 6

புத்தகத்தின் பொடி எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. அலமாரி மேல் இவருடைய பழைய லென்ஸ் பெட்டி இருந்தது. ஒரு லென்ஸ் எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று திறந்தேன்.

உள்ளே, வெல்வெட் துணிக்கு அடியில், துறவி.

கட்டை எண்ணினேன். எழுபத்தேழு. மறுபடி எண்ணினேன். எழுபத்தேழு.

மூணு மாசமா நான் யாரைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்?

ஜனவரி 7

கேட்டுவிட்டேன். "ஏன் எடுத்தீங்க?"

செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வந்துடுமோன்னு."

"வேணாம்னு வாயால சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னுடுவே. அப்புறம் ஆயுசுக்கும் அந்த மலையைப் பத்திப் பேசவே மாட்டே."

"அப்ப நான் போகணுமா, இருக்கணுமா?"

"அது தெரிஞ்சா ஏன் திருடப்போறேன்?"

கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் மூன்று மாதம் என் எதிரே அமைதியாகச் சாப்பிட்ட மனிதர் உள்ளே இப்படித் திண்டாடியிருக்கிறார் என்பது... அதை எங்கே வைப்பது?

பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டார். புத்தகத்தை நீட்டினார். "இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டும் மங்கல்."

"எழுத்தைக் கேக்கறேன் டி."

"எழுத்து தெரியுது."

ஜனவரி 8

காற்றாடியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கருவியைச் சரிபாக்காம மூணு மாசம் ரீடிங் எடுத்திருக்கே. அதுவும் நீ."

உண்மைதான். பதிவேட்டில் பார்க்காத நேரத்துக்கு ஊகித்து எண் போடக்கூடாது, கோடுதான் போடவேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

ஜனவரி 9

ஈர வெப்பமானிக்குத் துணித்திரி மாற்றினேன். படிவம் இன்னும் கைப்பையில். அட்டை எடுக்கவில்லை.

பிப்ரவரி 17

காலை ஆறு மணி. 3.8 டிகிரி. மூடுபனி, வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

வெப்பமானியில் தசமத்தை முதலில் படிக்கவேண்டும், முழு எண்ணைப் பிறகு. முகத்தை அருகே வைத்துக்கொண்டு நின்றால் நம் மூச்சுச் சூட்டிலேயே பாதரசம் ஏறிவிடும். இவர் போட்டுத்தந்த கண்ணாடி இல்லாவிட்டால் அந்தத் தசமம் எனக்குத் தெரியாது.

சரியாகத்தான் செய்தேனா? அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு கோடுதான்.

கட்டை எண்ணிப் பெட்டியில் வைத்தேன். எழுபத்தேழு. துறவி மலைக்குக் கீழே, ஊர்க் கடையில், அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறார். வருகிறவர்கள் யாரென்று கேட்கிறார்களாம்.

"வீட்டுக்காரி" என்கிறாராம்.