ஆடியில் போட்ட அவரை

ஏனுங்க, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கறீங்களா? நானும் பேத்தியும் சுகந்தானுங்க.

நீங்க குடுத்துவிட்ட அவரையை, ஆடிப்பட்டமாச்சேன்னு இங்க அமெரிக்காவுல எடிசன் ஊருல, பால்கனியில நாலு பக்கெட்டுல போட்டேன். நம்ம செவலைக்காள மாதிரி, கட்டுன கயித்த விட்டுட்டுப் பக்கத்து வீட்டுக் கம்பியிலதான் ஏறுச்சு. ஐப்பசியில பூவெடுத்துச்சு. அந்த வாரமே உறைபனி விழுந்து அத்தனையும் கருகிப்போச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

"இங்க வைகாசியிலதாம்மா போடோணும். அடுத்த வருசம் போடு"ங்கறா நம்ம சுகந்தி.

ஆறு மாசம்னுதானுங்களே வந்தேன்? விசாவ நீட்டச் சொல்லி எழுதிப் போட்டுட்டாளாம். எங்கிட்டக் கேக்கலீங்க.

யாராச்சும் வந்தா உங்க பழைய துண்டு ஒண்ணு குடுத்துவிடுங்க. தலைக்குக் கட்டிக்கறேன், குளுருது.

பத்து விதை மிச்சம் வெச்சிருக்கறேன். இங்கயே போடறதா, அங்க கொண்டாரதா? நீங்களே சுகந்திகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. பேத்தி எந்திரிச்சு அழுவறா, போறனுங்க.

பாப்பாத்தி