உன் ஸ்கூட்டரில் நான் ஒட்டியது

ஏம்மா,

"உங்க ஸ்டிக்கர் என் ஸ்கூட்டரோட சொரசொரப்பான பிளாஸ்டிக்ல ரெண்டு நாள் தாங்காது"ன்னு நேற்று நீ சொன்னாய். ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் உன் புருஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வராதா?

இன்று காலை நீ குளிக்கப் போன நேரத்தில் காரியத்தில் இறங்கினேன். சாதா வினைல் ஸ்டிக்கர் கழன்றுவிடும் என்று, பசை கனமானதாகப் பார்த்து எடுத்தேன். ஸ்கூட்டரின் முன்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உன் ஹேர் டிரையரால் சூடு காட்டி அழுத்தினேன். சோதனைதானே என்று அதில் கைக்குக் கிடைத்த துண்டைப் படிக்காமல் ஒட்டியதுதான் தப்பு. ஒட்டிய பிறகுதான் படித்தேன்: "விற்பனைக்கு". பழைய கார் விற்பவருக்கு வெட்டி வைத்தது.

உரித்துப் பார்த்தேன். என் நகம்தான் உரிந்தது.

என் வண்டிச் சாவி டிவி பக்கத்தில் இருக்கிறது, நீ அதில் போ. சாப்பாட்டு டப்பாவை மறக்காதே. உன் ஸ்கூட்டரைக் கடைக்கு ஓட்டிப் போய் உரித்துக்கொண்டு வருகிறேன். வழியெல்லாம் யார் சிரித்தாலும் எனக்கு வேண்டியதுதான்.

பி.கு: மாடிவீட்டு சார் அதற்குள் பார்த்துவிட்டு, "என்ன விலை சொல்றீங்க?" என்கிறார். சாயங்காலம் வருவாராம். "வண்டி விக்கிறதுக்கு இல்ல, ஒட்டினவரை வேணும்னா சும்மாவே கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லிவிடு.

இன்னொன்று: ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றியும் ஓரம்கூடத் தூக்கவில்லை. இதை மட்டும் நீ ஒத்துக்கொண்டே ஆகவேண்டும். கோபம் ஆறிய பிறகு போதும்.